சம்பளம் புத்ராஜெயாவில், நிலம் ஈப்போவில்

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இன்னும் தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டில்தான் (தொழிலாளர் வரிசை வீடு) குடியிருக்கிறோம். செம்பனைக் குலை லாரி ஓட்டும் ஒருவர் அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொல்லி வீடு வீடாக வருகிறார். நம்மில் ஒருவர், ஆதரிக்கத் தோன்றுகிறது. அவருடைய துண்டறிக்கையில் குறைந்தபட்சச் சம்பளம் 2,500 ரிங்கிட், தொழிலாளர்களைக் குத்தகையாளர் வழியாக வேலைக்கு வைக்கும் குத்தகை முறை ஒழிப்பு, 24 மணி நேர கிளினிக், தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கடைசியில் ஒரே வரியில் ‘தோட்ட மக்களுக்குச் சொந்த வீடு’. இதையெல்லாம் ஒரு சட்டமன்ற உறுப்பினரால் செய்ய முடியுமா?

பதில்: பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் அந்தக் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை இதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. தொழிலாளர் விவகாரம், கல்வி, மருத்துவம் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசாங்கத்துக்கு. நிலம், விவசாயம், காடு, ஊராட்சி மன்றங்கள் மாநிலத்துக்கு, உங்களுக்கு அது ஈப்போ. வீடமைப்பும் சமூகநலமும் இரண்டுக்கும் பொது.

முதல் வாக்குறுதி இங்கேயே அடிபட்டுப் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசாங்கம் அறிவிப்பது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700. பேராக் சட்டமன்றத்தின் 59 உறுப்பினர்களும் சேர்ந்து கை தூக்கினாலும் அதில் ஒரு காசு ஏறாது. கிளினிக் சுகாதார அமைச்சின் வேலை. பள்ளிக் கட்டடம் கல்வி அமைச்சினுடையது. ஆனால் பள்ளிக்கு வேறு நிலம் வேண்டுமென்றால் மாநிலத்தின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

குத்தகை முறை விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அரசாங்கப் பள்ளித் துப்புரவாளர்கள், ஆஸ்பத்திரிப் பாதுகாவலர்களின் குத்தகைகள் மத்திய அமைச்சுகள் வழியாக வருபவை. அவற்றை அவர் தொட முடியாது. புல்வெட்டு, கால்வாய் துப்புரவு என்று ஊராட்சி மன்றமான நகராண்மைக் கழகம் கொடுக்கும் குத்தகைகள் வேறு. உங்கள் ஊர் கோல கங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டதிலிருந்து கழக உறுப்பினர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. ‘குத்தகையாளர் மாறினாலும் பழைய தொழிலாளர்களை, அவர்களுடைய சேவைக் காலத்தோடு புதியவர் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையை கழக ஒப்பந்தங்களில் சேர்க்கப் போராடுவேன்’ என்று அவர் எழுதியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

இப்போது அந்தக் கடைசி வரி. என் கண்ணில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டியது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டும். அந்த அனுமதி மாநிலத்தின் கையில். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற, 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி முதலில் வேண்டும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டின் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அதனால்தான்.

வேட்பாளர்கள் வாய் திறக்காத ஒரு சங்கடம் இதில் இருக்கிறது. வருமான வரி மத்திய அரசாங்கத்துக்குப் போகிறது. மாநிலத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நிலவரி, பிரிமியம் எனப்படும் நிலக் கட்டணம், காடு, கனிமம். தோட்டம் வீடாக மாறும்போது கட்டும் பிரிமியம் மாநிலத்துக்கு வருமானம். ஆகவே லயத்து மக்களைக் காப்பாற்ற வேண்டிய அதே கைதான் அந்தப் பணத்துக்கும் நீள்கிறது. ‘லயத்து மக்களுக்கு வீடு கட்டிச் சாவியைக் கொடுத்த பிறகே நில மாற்றத்துக்கு அனுமதி, அதற்காகப் பிரிமியத்தைக் குறைக்கவும் தயார்’ என்று அவர் சொல்வாரா? இதைக் கேளுங்கள். மழுப்பினால், லாரி ஓட்டுநராக இருப்பது மட்டும் போதாது.

இன்னொன்று. நில அனுமதியை முடிவு செய்வது மந்திரி பெசார் எனப்படும் மாநில முதல்வரும் அவருடைய ஆட்சிக்குழுவும். எதிர்க்கட்சியாகவோ சுயேச்சையாகவோ ஜெயித்தால் உங்கள் லாரிக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை. பல மாநிலங்களில் தொகுதிச் செலவுக்கான பண ஒதுக்கீடும் ஆளுங்கட்சிக்காரருக்குக் கிடைப்பது போலக் கிடைக்காது. அவரால் முடிவது சட்டமன்றத்தில் கேள்வி கேட்டு, எந்தத் தோட்டத்துக்கு மனு வந்திருக்கிறது என்பதை வெளியே கொண்டுவருவது. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் வெளியேறும் நோட்டீஸ் வந்த பிறகு தெரிவதற்கும் ஒரு வருடம் முன்னால் தெரிவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தோற்றுவிடுவாரே என்ற தயக்கம் இருந்தால், சட்டமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 5,000 ரிங்கிட். எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அது போய்விடும். லாரி ஓட்டுநருக்கு அது பெரிய பணம்தான். ஆனால் உங்கள் ஊர் டாக்டர் ஜெயக்குமார் 1999இலும் 2004இலும் தோற்று, 2008இல் நாடாளுமன்றத் தேர்தலில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த சாமிவேலுவைத் தோற்கடித்தவர். அங்கே முதல் தோல்வியை யாரும் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பாவின் வீட்டுக்கு வருவோம். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வேலையில் இருப்பவர்களைப் பற்றியது, ஓய்வு பெற்றவருக்குப் பெரிதாக உதவாது. ஆகவே எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறீர்கள், தண்ணீர், மின்சார பில் யார் பெயரில், அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பதிவு, நிர்வாகம் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். லயம் முழுக்க இதைச் செய்து ஒரே பட்டியலாக வைத்தால் யார் ஜெயித்தாலும் கொடுக்கலாம். அப்புறம் நகராண்மைக் கழகத்துக்குப் போய், ரஞ்சாங்கான் தெம்பாத்தான் எனப்படும் உள்ளூர்த் திட்டத்தில் உங்கள் தோட்டம் விவசாயம் என்று குறித்திருக்கிறதா, வீடமைப்பு என்றா என்று பாருங்கள். அந்தத் திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது பொதுமக்கள் யாரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம், நிலப் பட்டா இல்லாதவரும்கூட. போகும்போது அந்த லாரிக்காரரையும் அழைத்துப் போங்கள்.