மேனேஜரின் சின்ன விமானத்தில் குடும்பத்தோடு போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கலிபோர்னியாவில் சான் ஹோசேவுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. உங்கள் மேனேஜரிடம் சொந்தமாக நான்கு இருக்கை செஸ்னா 172 இருக்கிறது. சனிக்கிழமை காலை மலைமேல் இருக்கும் டாஹோ ஏரிக்குப் பறந்து போய், ஞாயிறு மாலை திரும்பிவிடலாம், மனைவியையும் பாப்பாவையும் கூட்டி வாருங்கள் என்று அழைத்திருக்கிறார். மனைவிக்குப் பயம். உங்களுக்கு ஆசை. இந்தச் சின்ன விமானங்கள் ஏன் இப்படி விழுகின்றன, வர முடியாது என்று சொன்னால் மனுஷர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தப் பக்கம் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பக்கத்து ஊரான லிவர்மோரிலிருந்து இதே ரக விமானத்தை ஓட்டுகிறவன். பறப்பதில் எனக்கு அவ்வளவு பிரியம். அதனாலேயே உங்களிடம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதலில், 'காரில் போவதைவிட விமானம் பாதுகாப்பு' என்று யாராவது தைரியம் சொன்னால் அதை இதற்குப் பொருத்தாதீர்கள். டிக்கெட் வாங்கி ஏறுகிற பெரிய விமானத்துக்குத்தான் அந்தப் பேச்சு சரி. சொந்த விமானங்களின் கணக்கு வேறு. அமெரிக்காவில் இவை ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால் ஏறக்குறைய ஒரு விபத்து உயிரைக் குடிக்கிறது. வருஷத்துக்குச் சில நூறு பேர் சாகிறார்கள். உங்கள் மனைவி பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, அவரைக் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் பயம் எதன் மேல் இருக்க வேண்டும் என்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். விமானத்தைப் பார்த்ததும் 'இது 1970களில் செய்ததாமே, நடுவானில் எஞ்சின் நின்றால்?' என்று கேட்பீர்கள். பழைய விமானம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் உள்ள மெக்கானிக் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கலாம். எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தர இரண்டு தனித்தனி மேக்னெட்டோ. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும். இரண்டும் போய் எஞ்சின் நின்றாலும் கல்லைப் போல விழாது. ஆயிரம் அடி உயரம் கையில் இருந்தால் ஒன்றரை மைல் அளவுக்கு மிதந்து போகும். இயந்திரக் கோளாறால் விபத்து நடப்பதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விபத்துகளில் முக்கால் பங்குக்குக் காரணம் ஓட்டுகிறவர் எடுத்த முடிவோ, கை செய்த தவறோதான். அந்த முடிவுகளில் பல, விமானம் தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே எடுத்தவை. பக்கத்தில் உட்காரப் போகிற உங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. எங்கே என்று சொல்கிறேன்.

உயிரை அதிகம் எடுப்பவற்றில் முன்வரிசையில் நிற்பது மேகம். சாதாரண பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர் வெளியே பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். தொடுவானமும் தரையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அது இல்லாதவர் தெரிந்தோ தெரியாமலோ மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கருவி பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேர். 20 பேருமே விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போனார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை.

காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உள்காதில் உள்ள திரவம்தான் உடம்பு திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தத் திரவம் அசைவது நின்றுவிடும். அப்புறம் நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். விமானத்தின் மூக்கு கீழே இறங்கி, வேகம் கூடும். இறங்குகிறோமே என்று பைலட் கைப்பிடியை இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் மேலே ஏறாது, சுழல் இன்னும் இறுகும். 1999 ஜூலை 16ஆம் தேதி ஜான் எஃப் கென்னடியின் மகன் இப்படித்தான் போனார். நியூ ஜெர்சியிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு கிளம்பினார். மனைவியும் மனைவியின் அக்காவும் கூட இருந்தார்கள். மறுநாள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மார்த்தாஸ் வினியார்டு தீவுக்குப் பக்கத்தில் கீழே இருட்டுக் கடல், சுற்றிலும் மூட்டம், தொடுவானம் என்று ஒன்று இல்லவே இல்லை. அவரிடம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடையாது. விமானத்தில் கோளாறு எதையும் விசாரணையில் கண்டுபிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் கோடைக்காலத்தில் கடலிலிருந்து வரும் தாழ்வான மேகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாலையில் மலை இடுக்கு வழியாக உள்ளே வந்து, காலையில் ஒன்பது பத்து மணி வரை சான் ஃப்ரான்சிஸ்கோ விரிகுடா மேலேயே படுத்திருக்கும். டாஹோவில் ஞாயிறு மாலை வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், இங்கே இறங்க வேண்டிய ரன்வே மூடிக் கிடக்கும். ரேட்டிங் இல்லாத பைலட் அப்போது ட்ரேசி, ஸ்டாக்டன் என்று உள்நாட்டுப் பக்கம் எங்கேயாவது இறங்கிவிட வேண்டியதுதான். நீங்கள் அங்கிருந்து டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

எரிபொருள் தீர்ந்து விழுகிற விமானங்களும் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள். எஞ்சின் நின்றுபோன பல சம்பவங்களில் எஞ்சின்மேல் குற்றமே இருக்காது, டேங்க் காலியாக இருக்கும். அல்லது ஒரு டேங்கில் பெட்ரோல் இருந்தும், டேங்க் மாற்றும் வால்வு காலியான மற்றொரு டேங்கைக் காட்டிக்கொண்டிருக்கும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12ஆம் தேதி இங்கே மான்டரேயிலிருந்து கிளம்பிக் கடலில் விழுந்தார். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் அந்த விமானம் அவருக்குப் புதிது. டேங்க் மாற்றும் வால்வு இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார். வானில் ஒரு டேங்க் தீர்ந்ததும் வால்வைத் திருப்ப உடம்பை முறுக்கித் திரும்பியதில் கால் தவறிச் சுக்கான் பெடலை மிதித்து, விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பதுதான் விசாரணை வாரியத்தின் முடிவு.

சனிக்கிழமை போனால் உங்கள் மேனேஜர் இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலைக் குத்திப் பெட்ரோல் பிடிப்பதைக் கவனியுங்கள். வழக்கமான விமானப் பெட்ரோல் என்றால் நீல நிறமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் என்பதால் நிறமில்லாத குமிழாக அடியில் போய் உட்காரும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பிறகு ஏணி போட்டு ஏறி டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்தார் என்றால் நல்ல கை. மீட்டர் முள்ளை மட்டும் நம்பிக் கிளம்புகிறவரோடு ஏற வேண்டாம். அவர் இதைச் செய்யும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். தரையிறங்கும்போதும் அப்படியே. ரன்வேக்குத் திரும்பும் கடைசி வளைவில் வேகம் குறைந்து, திருப்பம் கூடிவிட்டால் இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும், மீட்டெடுக்க அந்த உயரம் போதாது. அந்த இரண்டு நிமிஷம் பாப்பா வாந்தி எடுத்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அவரைக் கூப்பிட வேண்டாம்.

டாஹோ என்பதால் இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சவுத் லேக் டாஹோ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,260 அடிக்கு மேல். அங்கே காற்றே மெலிவு. வெயில் ஏறினால் இன்னும் மெலியும். 30 டிகிரி வெயிலில் அந்த ரன்வேயில் நிற்கும் விமானத்துக்குத் தான் 9,000 அடிக்கு மேல் இருப்பதாகத்தான் அர்த்தம். எஞ்சினுக்கும் ப்ரொப்பல்லருக்கும் இறக்கைக்கும் மூன்றுக்குமே பலம் குறையும். சான் ஹோசேயில் சட்டென்று எழும்பிய அதே விமானம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும், எழும்பினாலும் ஏற மறுக்கும். சுற்றிலும் மலை. மலையைத் தாண்டி அடிக்கும் காற்று மறுபக்கம் கீழே இறங்கி விமானத்தையும் சேர்த்து அழுத்தும். தெரிந்தவர்கள் அங்கிருந்து விடியற்காலையில் கிளம்புவார்கள். ஞாயிறு பிற்பகல் வெயிலில் நான்கு பேரோடு கிளம்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு இருக்கை என்றால் நான்கு பெரியவர்கள், டேங்க் நிறையப் பெட்ரோல், பெட்டி படுக்கை எல்லாம் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் ஏற்ற முடியாது. ஆளா, பெட்ரோலா என்று ஒன்றைக் குறைத்தாக வேண்டும். அதனால்தான் உங்கள் எடையைக் கேட்பார். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். பையையும் எடை போட்டே சொல்லுங்கள்.

1996 ஏப்ரலில் நடந்ததை இங்கே பழைய பைலட்டுகள் இன்னும் பேசுவார்கள். ஜெசிக்கா டுப்ராஃப் என்ற 7 வயதுக் குழந்தை, அப்பாவோடும் பயிற்சியாளரோடும், நமக்குப் பக்கத்து ஹாஃப் மூன் பேயிலிருந்துதான் கிளம்பியது. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறந்து சாதனை செய்வதாகத் திட்டம். வழியெல்லாம் டிவி காமிரா. மறுநாள் காலை வயோமிங் மாநிலத்து ஷயன் நகரில் மழை, இடி. அந்த ஊரும் 6,000 அடிக்கு மேல். விமானத்தில் அளவுக்கு மீறிய எடை. கொஞ்சம் காத்திருந்திருக்கலாம். கிளம்பினார்கள், எழும்பிய சற்று நேரத்தில் வேகம் இழந்து விழுந்து மூன்று பேரும் இறந்தார்கள். வானிலை, எடை, உயரம் மூன்றையும் எழுதிய விசாரணை வாரியம், ஊடகங்களுக்கு ஒப்புக்கொண்ட அளவுக்கு மீறிய பயணத் திட்டத்தை விட மனமில்லாமல் போனதையும் ஒரு காரணமாகப் பதிவு செய்தது.

உங்கள் பங்கு இருக்கிறது என்று சொன்னேனே, அது இங்கேதான். ஞாயிறு மாலை மேகமும் காற்றும் சரியில்லை என்று வையுங்கள். மேனேஜருக்குத் தெரியும், இருந்து நாளைக்குப் போகலாம் என்று. ஆனால் நீங்கள் திங்கட்கிழமை காலை மீட்டிங் என்கிறீர்கள், மனைவி பாப்பாவுக்கு ஸ்கூல் என்கிறார். விருந்தாளிகளைக் கூட்டி வந்துவிட்டோமே என்று அவருக்கு ஒரு சங்கடம். 'சரி, போய்ப் பார்ப்போம்' என்பார். அந்த வார்த்தைக்குப் பின்னால் இந்த நாட்டில் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். ஆகவே போவதென்றால் கிளம்பும் முன்பே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: "திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டேன். வானிலை சரியில்லை என்றால் அங்கேயே வாடகைக் கார் எடுத்து ஓட்டி வந்துவிடுகிறோம், எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்." நான்கு மணி நேர ரோடுதானே. அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

அடுத்து, மறுப்பது. விசாவில் இருக்கிறோம், மேலதிகாரி கூப்பிடுகிறார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. நாம் வளர்ந்த வளர்ப்பு அப்படி. ஆனால் இங்கே பைலட்டுகளுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வரவில்லை என்கிற பயணியை யாரும் வற்புறுத்த மாட்டார்கள், ஏன் என்றும் கேட்க மாட்டார்கள். "மனைவிக்குச் சின்ன விமானம் பயம், நாங்கள் காரில் வந்து அங்கே சேர்ந்துகொள்கிறோம்" என்றால் போதும்.

அதற்கு முன் சிலதைக் கேளுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கிறதா? கடைசியாக எப்போது பறந்தார்? கடந்த 90 நாளில் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கியிருந்தால்தான் சட்டப்படி ஆளை ஏற்றலாம். சட்டம் கேட்பது அவ்வளவுதான், நான் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பேன். டாஹோவுக்கு முன்பு போயிருக்கிறாரா, மலையில் பறக்கத் தனியாகப் பயிற்சி எடுத்தாரா? நல்ல பைலட் இதைக் கேட்டால் சந்தோஷப்பட்டு அரை மணி நேரம் பேசுவார். முகம் சுளித்தால் அதுவே உங்களுக்குப் பதில். பெட்ரோல் செலவில் பங்கு கேட்டால் கொடுக்கலாம், அது முறைதான். பங்குக்கு மேல் வாங்க அவருக்கு உரிமை இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள், தனியார் விமானத்தை விலக்கி வைக்கிற பாலிசிகள் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், முதல் தடவையே டாஹோ வேண்டாம் என்பேன். ஒரு சனிக்கிழமை முற்பகல், மேகம் விலகியதும், நீங்கள் மட்டும் அவரோடு விரிகுடாவைச் சுற்றி ஒரு மணி நேரம் போய் வாருங்கள். அவர் எப்படித் தயாராகிறார், எதற்கு நிதானிக்கிறார் என்று தெரிந்துவிடும். பாப்பாவைக் கூட்டிப் போகும் நாளில் ப்ரொப்பல்லர் நின்றிருந்தாலும் விமானத்துக்குப் பின்பக்கமாகத்தான் நெருங்க வேண்டும், கையை விடவே கூடாது. குழந்தைக்கு அளவான ஹெட்செட் இருக்கிறதா என்று கேளுங்கள், என்னிடம் ஒன்று இருக்கிறது, தருகிறேன். மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.