கவலையும் கட்டியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரம்புகள் புற்றுநோயை வளர்க்கின்றன என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. 'எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கினே, அதான் இப்படி வந்து நிக்குது' என்று பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது சரிதானோ என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை புற்றுநோய்க்கும் உதவும் என்கிறார்களே, கொடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்கள் சொல்வது சரியில்லை. அப்படி வாசிக்க இடம் கொடுத்தது என் கட்டுரையின் குறை. நோய் வருவது வேறு, வந்த கட்டி வளர்வது வேறு. வேலை நெருக்கடியால் புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க, ஐரோப்பாவில் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தார்கள். மொத்தம் சுமார் 1,16,000 பேர். 2013-இல் முடிவு வெளியானது. நெருக்கடியில் இருந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. மார்பகப் புற்றுநோயும் அந்தக் கணக்கில் உண்டு.

நான் எழுதியது இரண்டாவது விஷயத்தைப் பற்றி. நரம்பை மின்கம்பி என்று நினைத்துப் பழகிவிட்டோம். அதன் நுனியில் ரசாயனம் கசிகிறது. 1921-இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸ் நரம்பை (மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் வருவது) தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த உப்புநீரை எடுத்து மற்றதில் விட்டார். நரம்பே இல்லாத அதுவும் மெதுவானது. (யோசனை கனவில் வந்ததாம். முதல் நாள் இரவு எழுதிவைத்ததைக் காலையில் அவராலேயே படிக்க முடியவில்லையாம்.) அந்த நீரில் இருந்தது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம்.

இப்படிக் கசிவதை வாங்கிக்கொள்ள ஒரு செல்லுக்கு அதற்கான ஏற்பி, அதாவது அந்த ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருந்தால் போதும். பல புற்றுநோய் செல்களுக்கு இருக்கிறது. பால் ஃப்ரெனெட்டின் நியூயார்க் குழு 2013-இல் புராஸ்டேட் கட்டி வைத்த எலிகளில் இதைப் பார்த்தது. நார்அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனத்தைத் தரும் நரம்புகளை அழித்தால் கட்டி தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. அசிட்டைல்கோலினைத் தடுத்தால் பரவுவது குறைகிறது. மூளையில் வரும் கிளையோமா என்ற புற்றுநோய் இன்னும் துணிச்சலானது. அதன் செல்கள் நரம்பணுக்களோடு நேரடியாக சினாப்ஸ் (நரம்பணுக்கள் சேதி கடத்தும் இணைப்பு) போட்டுக்கொண்டு, அங்கே வரும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைத் தங்கள் வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றன என்று 2019-இல் தெரியவந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இதை வைத்து 'கெட்ட ரசாயனம்' என்று ஒரு பட்டியல் போட்டுவிட முடியாது. எலிகளின் வயிற்றில் வேகஸ் நரம்பைத் துண்டித்தால் இரைப்பைக் கட்டி குறைகிறது. அதே நரம்பைத் துண்டித்தால் கணையத்தில் கட்டி வேகமெடுக்கிறது. டோபமின் என்ற நரம்பு ரசாயனமோ, எலிகளில் கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதையே தடுத்தது. எந்த உறுப்பு, எந்த ஏற்பி என்பதைப் பொறுத்து ஒரே மூலக்கூறு உரமும் ஆகும், முட்டுக்கட்டையும் ஆகும். 'மனசைச் சந்தோஷமா வச்சுக்கோ, சரியாயிடும்' என்பவர்கள் எந்த உறுப்பு, எந்த ஏற்பி என்று கேட்டுக்கொண்டா சொல்கிறார்கள்?

மாத்திரைக்கு வருகிறேன். பீட்டா பிளாக்கர், நார்அட்ரினலினை வாங்கும் ஏற்பிகளை அடைக்கிறது; அதனால்தான் இந்தப் பேச்சு. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் ஒருவகை ரத்தக்குழாய்க் கட்டி புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கரில் சுருங்குவதை 2008-இல் கண்டார்கள்; இன்று அதற்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் அது புற்றுநோய் இல்லை. மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சையை ஒட்டிச் சில நாட்கள் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனைகள் நடந்திருக்கின்றன. கட்டியின் சில அடையாளங்கள் நல்ல பக்கம் மாறின. ஆயுள் கூடியது என்று அவை நிரூபிக்கவில்லை. ஆஸ்துமா இருப்பவருக்கு இந்த மாத்திரை மூச்சை அடைக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும், திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. நீங்களாகக் கொடுக்காதீர்கள். அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் அந்த 1,16,000 பேர் கணக்கைச் சொல்லுங்கள். அம்மாவின் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்.