பனியின் அடிப்பக்கம்

வணக்கம் ஐயா,

துருவப் பகுதி பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். எங்கே திரும்பினாலும் வெள்ளை, ஒரு புல்கூட இல்லை. ஒன்றுமே முளைக்காத இடத்தில் பென்குயினும் சீலும் எதை நம்பி வாழ்கின்றன? பனி உருகினால் குளிர் குறையும், அவற்றுக்கு நல்லதுதானே? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ம.

அன்புள்ள ம.,

தவறே இல்லை. படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பனிக்கு மேலே நின்றுதான் எடுக்கிறார்கள். நீங்கள் தேடுகிற விளைநிலம் அடியில் இருக்கிறது.

கடல்பனியை உடைத்துக்கொண்டு போகும் கப்பல் ஒரு பாளத்தைப் புரட்டிப் போட்டால், வசந்தகாலத்தில் அதன் அடிப்பக்கம் துருப்பிடித்த மாதிரி பழுப்பாக இருக்கும். அது அழுக்கு இல்லை, பாசி. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறைகிறது, ஆனால் பனிப்படிகம் உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. ஒதுக்கிவிட்ட உப்பு கொஞ்சம் தண்ணீரோடு பனிக்குள்ளேயே மெல்லிய வாய்க்கால்களில் தங்கிவிடுகிறது, உப்பு அவ்வளவு கரித்துக் கிடப்பதால் அந்தத் தண்ணீர் உறைவதில்லை. அதற்குள்தான் டயட்டம் என்கிற நுண்பாசிகள் மாதக்கணக்கான இருட்டைத் தாக்குப்பிடித்து, சூரியன் திரும்பியதும் பனி வழியே கசிகிற மங்கல் வெளிச்சத்திலேயே தழைக்கின்றன. தெற்கே, அண்டார்டிகாவில், கிரில் என்கிற இறால் மாதிரியான சின்ன உயிரியின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியின் அடியைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. கிரிலை நம்பி மீன், பென்குயின், சீல், திமிங்கலம். வடக்கே பனிக்கரடி வரை போகிற சங்கிலியும் பெருமளவு இந்தப் பாசியில்தான் தொடங்குகிறது.

வெட்டெல் சீலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் அது பனிக்கு அடியில் கடலில்தான் பெரும்பாலும் இருக்கும், காற்றின் குளிரைவிடக் கடல்நீர் எவ்வளவோ மேல். ஆனால் மூச்சுவிட மேலே வர வேண்டும், துளையோ மூடிக்கொண்டே இருக்கும். அதனால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, முன்பற்களாலும் கோரைப்பற்களாலும் துளையின் விளிம்பை அராவிக்கொண்டே இருக்கிறது. வருஷக்கணக்கில் அராவி அராவிப் பற்கள் தேய்ந்துபோகின்றன, பல் போனால் துளையைக் காப்பாற்ற முடியாது. எனக்கு அந்தத் தேய்ந்த பற்கள் மனதை விட்டுப் போவதே இல்லை.

சரி, உருகினால் நல்லதா என்று கேட்டீர்கள். எம்பரர் பென்குயின் பெரும்பாலும் கரையோடு ஒட்டி உறைந்த கடல்பனி மேல்தான் முட்டையிடுகிறது. ஆண் பறவை அதைக் காலின் மேல் வைத்துக்கொண்டு, சாப்பாடே இல்லாமல், உறைபனிக் காற்றில் இரண்டு மாதத்துக்கு மேல் அடைகாக்கிறது. குஞ்சுக்கு நீர் ஒட்டாத இறகு முளைக்கிறவரை காலுக்குக் கீழே பனி நிற்க வேண்டும். 2022இல் அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்னதாகவே உடைந்துவிட்டது. அந்தப் பகுதியில் தெரிந்த ஐந்து பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவற்றின் உடம்பில் இருந்தது வெறும் சாம்பல்நிறத் தூவி, தண்ணீரில் நனைந்தால் தாங்காது.