முகத்தில் உண்ணி என்று சொல்லி க்ரீம் கொடுத்தால், அதை எப்படிப் போடுவது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. ஒரு வருடமாகக் கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பு, அதன் மேல் பொடிப்பொடியாகப் பரு மாதிரி. தோல் டாக்டர் கன்னத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டு ரோசேசியா, அதாவது முகம் சிவந்து பரு மாதிரி வருகிற நாள்பட்ட தோல் நோய், டெமோடெக்ஸ் என்கிற உண்ணியும் நிறைய இருக்கிறது என்று சொல்லி, ஐவர்மெக்டின் 1 சதவீத க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் விவரமாகக் கேட்க முடியவில்லை. ஒரே வாரத்தில் 15 கிராம் ட்யூப் காலி, முகம் முன்பைவிடச் சிவந்து எரிகிறது. அடுத்த ட்யூப் வாங்கப் போனால் மெடிக்கல் ஷாப்பில் "அது ஸ்டாக் இல்ல, பெர்மெத்ரின் வாங்கிக்கோங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்றாராம். நிறுத்திவிடவா, எவ்வளவு போடணும், கணவரும் பையனும் போட வேண்டுமா, தலையணை உறையையெல்லாம் வெந்நீரில் போடணுமா என்று கேட்கிறார்.

முதலில் கடைக்காரர் பேச்சை ஒதுக்குங்கள், ரெண்டும் ஒண்ணு இல்லை. நம் ஊரில் பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைப் பெரும்பாலும் சிரங்குக்கு, அதாவது ஸ்கேபிஸுக்குக் கொடுப்பார்கள். அதைக் கழுத்திலிருந்து கால்விரல் வரைக்கும் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பூசி, வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசி, துணியெல்லாம் வெந்நீரில் போட்டு என்று ஒரு பெரிய ஏற்பாடே உண்டு. உங்கள் கேள்வியில் பாதி அந்த ஏற்பாட்டை மனதில் வைத்துத்தான் வந்திருக்கிறது. டெமோடெக்ஸுக்கும் சில டாக்டர்கள் பெர்மெத்ரின் எழுதுவது உண்டுதான், ஆனால் அதை எத்தனை நாள், எப்படி என்று எழுதிக் கொடுப்பவர் சொல்ல வேண்டும், கவுண்டரில் நின்று முடிவு செய்கிற விஷயம் இல்லை அது.

டெமோடெக்ஸ் வேறு கதை. பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோர் முகத்திலும் இந்த உண்ணி இருக்கிறது, எனக்கும் இருக்கும், உங்கள் டாக்டருக்கும் இருக்கும். முடி வேர்க்குழியிலும் எண்ணெய்ச் சுரப்பியிலும் தங்கி, தோல் சுரக்கிற எண்ணெயைத் தின்று வாழ்கிறது. நீளம் அதிகபட்சம் 0.4 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் ஒன்றிரண்டு பல்லி இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, இருபது வந்துவிட்டால்தான் பிரச்சினை. அப்படித்தான் இதுவும். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் ஐந்துக்கு மேல் இருந்தால் அதிகம் என்று பரிசோதனையில் கணக்கு வைக்கிறோம். அதனால் கணவரும் பையனும் க்ரீம் போட வேண்டாம். உறையை வழக்கம்போலத் துவைத்தால் போதும், நம் தோலை விட்டு வெளியே வந்தால் இது ரொம்ப நேரம் பிழைக்காது. வீட்டில் நாய் இருந்தால் அதன் மேலும் பழி போடாதீர்கள், அதற்கு வரும் டெமோடெக்ஸ் வேறு வகை.

சரி, க்ரீமுக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஒரே தடவை, ராத்திரி படுக்கும் முன். முகத்தை மென்மையான ஃபேஸ்வாஷால் சாதாரணத் தண்ணீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய விடுங்கள். சென்னை ஈரப்பதத்தில் முகம் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் காய்ந்திருக்காது, கொஞ்ச நேரம் ஃபேன் கீழே உட்காருங்கள். அப்புறம் நெற்றிக்கு ஒரு சின்னப் பட்டாணி அளவு, மூக்குக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று என்று ஐந்து இடத்தில் வைத்து, மெல்லிய படலமாகப் பரப்புங்கள். கண், உதடு, மூக்குத் துவாரம் பக்கம் வேண்டாம். பரு மேல் மட்டும் புள்ளி வைக்காதீர்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிற தோலிலும் உண்ணி இருக்கும். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். மாய்ஸ்சரைசர் போடுவதானால் க்ரீம் காய்ந்த பிறகு.

இந்த ஐந்து பட்டாணியும் சேர்ந்து ஒரு கிராமைத் தாண்டக் கூடாது. அப்படிப் பார்த்தால் 15 கிராம் ட்யூப் இரண்டு வாரமாவது வர வேண்டும். உங்களுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கிறது என்றால் இரண்டு மடங்கு போட்டிருக்கிறீர்கள், அல்லது காலையிலும் போட்டிருக்கிறீர்கள். அதிகம் போட்டால் சீக்கிரம் சரியாகிவிடாது, எரிச்சல்தான் கூடும்.

எரிச்சலில் இன்னொரு பங்கும் இருக்கிறது. ஆரம்பித்த முதல் வாரத்தில் சிலருக்கு ரோசேசியா கொஞ்சம் கூடிக் காட்டும், உண்ணிகள் செத்து உள்ளே கிடப்பதற்குத் தோல் காட்டும் எதிர்ப்பு அது என்று கருதுகிறோம். தொடர்ந்து போட்டால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே லேசான சிவப்பு, லேசான எரிச்சல் என்றால் அளவைச் சரி செய்துகொண்டு தொடருங்கள். முகம் வீங்கினாலோ, நீர் கோத்தாலோ, கண் இமை தடித்தாலோ அது வேறு, நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. இந்த ஒரு வருடத்தில் வேறு என்ன பூசினீர்கள்? நான் பார்க்கிற இந்த மாதிரி முகங்களில் முக்கால்வாசிக்குப் பின்னால் ஒரு ஸ்டீராய்டு ட்யூப் இருக்கும். தோழி சொன்னது, பார்லரில் கொடுத்தது, "முகம் வெளுக்கும்" என்று கடையில் கொடுத்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பூசிய இரண்டாம் நாளே முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதுதான் வினை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்து, அந்த இடத்தின் எதிர்ப்பு சக்தி அமுங்கி, உண்ணிக்குக் கொண்டாட்டமாகிவிடுகிறது. 2018-ல் மத்திய அரசு இந்த வகைக் க்ரீம்களில் 14-ஐ டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்டால் க்ரீமும் கிடைக்கிறது. நீங்கள் போட்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் இன்னும் கொதிக்கும், அதற்குத் தனியாக வழி சொல்லித் தருவார். இப்போது எரிவது ஐவர்மெக்டினாலா, ஸ்டீராய்டை விட்டதாலா என்பதும் அப்போதுதான் தெரியும்.

தேங்காய் எண்ணெய், கடலை மாவுத் தேய்ப்பு, எலுமிச்சை, வேப்பிலை அரைத்துப் பூசுவது எல்லாவற்றையும் கொஞ்ச நாளைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் அத்தை கோபித்துக்கொண்டால் டாக்டர் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள், பரவாயில்லை. எண்ணெய்ப் பிசுக்கு உண்ணிக்கு வசதி, தேய்ப்பது ரோசேசியாவுக்கு விரோதி. காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். நம் ஊர் வெயிலும், அடுப்படிச் சூடும், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற காபியும் இந்தச் சிவப்பைத் தூண்டும். காபியை விட வேண்டாம், ஆற்றிக் குடியுங்கள்.

பலன் தெரியக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு மாதத்தில் பரு குறைவது தெரியலாம், முழுப் பலனுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த மருந்து உங்களுக்கு இல்லை, மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் க்ரீம் பருவைக் குறைக்கும், ஆனால் கன்னத்தில் நூல் நூலாகத் தெரிகிற ரத்தக் குழாயையும் நிரந்தரச் சிவப்பையும் அவ்வளவாகத் தொடாது, அதற்கு லேசர் மாதிரி வேறு வழிகள். அப்புறம், கர்ப்பம், அதற்கான திட்டம், தாய்ப்பால் கொடுப்பது என்று எதுவாக இருந்தாலும் க்ரீம் தொடரும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதே மருந்தில் மாத்திரையும் உண்டு, கொரோனா காலத்தில் ஊரே வாங்கி விழுங்கியதே, அதுதான். முகத்துக்கு அது தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கண் இமை அரிக்கிறதா, காலையில் இமை முடி அடியில் வளையம் போட்ட மாதிரி வெள்ளைச் செதில் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் உண்ணி அங்கேயும் போயிருக்கிறது. இந்தக் க்ரீமைக் கண்ணருகில் வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

ட்யூப்பை ஜன்னல் ஓரத்திலும் வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள், மே மாதத்தில் உருகிப் பிரிந்துவிடும். ஸ்டாக் இல்லை என்றால் அடுத்த கடையில் கேளுங்கள், கம்பெனி மாறினாலும் பரவாயில்லை, ஐவர்மெக்டின் 1 சதவீதம், முகத்துக்கான க்ரீம் என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதுவரை முகத்தில் பூசிய அத்தனை ட்யூப்பையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள தோல் பிரிவுக்குப் போனாலும் இதேதான், கூட்டத்தில் வாயால் விளக்குவதைவிட அந்தப் பையைக் காட்டினால் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.