பிளஸ் டூ முடிந்தது, பணத்துக்கு எங்கே போவது? – கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரிசல்ட் வந்த வாரத்திலிருந்தே என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளும் பெற்றோரும் கையில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பார்கள். பணமில்லை என்று படிப்பை விட வேண்டியதே இல்லாத பிள்ளைகள், தகவல் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. இந்த ஆண்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகன் 5-ம் வகுப்பு வரை தனியார் பள்ளி. அப்புறம் 12 வரை அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டா? – ஒரு தாய், விருத்தாசலம்

உண்டு அம்மா. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தானா என்பதுதான் கணக்கு. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்தது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. இந்த வரியைப் படித்த பிறகும் "அது எப்படி சார், சும்மாவா படிக்க வைப்பார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அப்படித்தான். எல்லோருக்குமான பொதுக் கலந்தாய்விலும் அவன் பெயர் இருக்கும். இரண்டிலும் முயலலாம்.

நான் 6 முதல் 12 வரை அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. எனக்கு? – மாணவி, திருச்செந்தூர்

7.5 சதவீதத்தில் இடமில்லை மகளே. ஆனால் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பரில் உங்களுக்கும் நீட்டிக்கப்பட்டுவிட்டது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே இதற்கென்று பொறுப்பில் இருக்கும் பேராசிரியரைப் பாருங்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம்.

அப்பா சொந்த லாரி ஓட்டுகிறார், வருமானம் கொஞ்சம் பரவாயில்லை. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கிடைக்குமா? – மாணவன், நாமக்கல்

கிடைக்கும் தம்பி. அதற்கு வருமான வரம்பும் இல்லை, சாதியும் பார்ப்பதில்லை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஆனால் ஒன்று: கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் சலுகை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவனை, "கலந்தாய்வெல்லாம் எதுக்கு, நான் சீட் வாங்கித் தரேன்" என்று ஒரு ஏஜென்ட் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடத்தில், சேர்த்துவிட்டார். அவனுடைய கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்விலேயே இடம் வந்திருக்கும். சான்றிதழ் பீரோவில் கிடக்க, அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

நாங்கள் எஸ்.சி. கலந்தாய்வில் கிடைத்தது தனியார் பொறியியல் கல்லூரி. கட்டணத்தை நினைத்தால் பயம். – ஒரு தந்தை, திருவாரூர்

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கானது) உங்கள் பிள்ளைக்கு உரியது. பணம் மாணவர் கணக்குக்கே வருவதால், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். வந்ததும் கல்லூரியின் பங்கைக் கட்டிவிடுங்கள்.

எனக்குப் பி.எஸ்ஸி. போதும் சார். ஆனால் விண்ணப்பம் போடவே காசு வேண்டுமே? – மாணவி, செஞ்சி

அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் போடும் விண்ணப்பம், கடந்த சில ஆண்டுகளாக, பதிவுக் கட்டணம் 2 ரூபாயும் சேர்த்து 50 ரூபாய்தான். எஸ்.சி., எஸ்.டி. என்றால் அந்த 2 ரூபாய் மட்டும். போட்டுவிடு மகளே, இன்றைக்கே.

தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் இங்கிலீஷில் நடத்தினால் புரியாதே? – மாணவன், அரூர்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். என்னிடம் படித்த ஒருவன் இயற்பியல் குறிப்பேட்டில் இடது பக்கம் பேராசிரியர் சொன்னதையும் வலது பக்கம் தமிழில் தனக்குப் புரிந்ததையும் எழுதுவான். velocity என்று காதில் விழுந்தால் எதிரே 'திசைவேகம்'. உனக்குப் பாடம் தெரியும், அதன் இன்னொரு பெயர்தான் தெரியாது. மூன்றாம் செமஸ்டரில் அவனுடைய குறிப்பேட்டின் வலது பக்கம் காலியாகிவிட்டது. அரியர் விழுந்தால் ஊருக்கு ஓடி வந்துவிடாதே. தமிழ் வழியிலேயே தொடர விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் 2010 முதல் தமிழில் உண்டு. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. பட்டப்படிப்புத் தகுதியுள்ள வேலை என்றால் பள்ளி, பட்டம் இரண்டுமே தமிழ் வழியில் இருக்க வேண்டும்.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? – பலர்

மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமை ஆசிரியர் தரும் சான்று. எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன ஆண்டு ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் பட்டியலில் அப்பா 'முனியசாமி', சாதிச் சான்றில் 'முனுசாமி'. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தார். சரிபார்ப்பின் கடைசி நாள் மாலைதான் திருத்திய சான்று கைக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே என் போனில் பதிவேற்றினோம். இப்போது அந்தப் பெண் இரண்டாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறாள்.