30 நாள் சிகிச்சை முடிந்தது... நேரே வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. லேத் பட்டறையில் வாரச் சம்பளம். தினமும் இரண்டு குவார்ட்டர் வரை குடித்தவர். போன வருஷம் போதை மீட்பு மையத்தில் 30 நாள் இருந்துவிட்டு வந்தார். 19-ம் நாள் மறுபடி குடித்துவிட்டார். இப்போது இரண்டாவது முறை சேர்த்திருக்கிறோம். அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். ‘நேரே வீட்டுக்கு வேண்டாம், மூன்று மாதம் ஹாஃப்வே ஹோமில் இருக்கட்டும்’ என்கிறார் கவுன்சலர். ‘பிள்ளையை மறுபடியும் பூட்டி வைக்கணுமா?’ என்று மாமியார் அழுகிறார். அதற்குப் பதில் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறது என்கிறார்களே, அது போதாதா?

பதில்: பூட்டு தொங்கினால் அது ஹாஃப்வே ஹோமே இல்லை. மாமியாரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்தவர் வீடு திரும்பும் முன் கொஞ்ச காலம் தங்கிப் பழகும் இல்லம் அது. அங்கே இருப்பவர் காலையில் டிபன் பாக்ஸோடு பட்டறைக்குக் கிளம்புவார். மாலையில் குறித்த நேரத்துக்குள் திரும்பி நோட்டில் கையெழுத்துப் போடுவார். ‘சோபர் லிவிங்’ என்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

மீட்பு மையத்தில் முதல் வாரம், பத்து நாள் மதுவை நிறுத்தியதால் வரும் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் இவற்றைச் சமாளிப்பதிலேயே போய்விடும். மிச்ச நாளில் கவுன்சலிங். அங்கே அவர் குடிக்காமல் இருந்தது உண்மைதான். ஆனால் அங்கே சரக்கு இல்லை, கையில் காசு இல்லை, கூப்பிடும் கூட்டாளியும் இல்லை. தூக்கமும் எரிச்சலும் சீராகவே பல வாரங்கள் ஆகும். அதற்குள் சம்பளப் பணத்தோடு, இரவு பத்து வரை திறந்திருக்கும் டாஸ்மாக்கைத் தாண்டி நடந்து வரச் சொல்கிறோம். போன முறை அந்த 19-ம் நாள் என்ன கிழமை என்று யோசித்துப் பாருங்கள். சம்பள நாளாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிகிச்சைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம்தான் அதிகம் வழுக்கும் காலம். கவுன்சலர் மூன்று மாதம் என்றது அதனால்தான்.

நல்ல இல்லத்தில் இந்த மாதங்கள் படிப்படியாக நகரும். முதல் இரண்டு வாரம் வெளியே போனால் ஒருவர் துணைக்குப் போவார். பிறகு வேலைக்குத் தனியாக. சம்பளம் இல்லத்தின் பொறுப்பிலோ உங்கள் கணக்கிலோ சேரும். பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும் தினப்படி. சமையல், கூட்டிப் பெருக்குவது முறைவைத்து. மாலையில் குழுக் கூட்டம், வாரத்தில் சில நாள் ஏ.ஏ. கூட்டம் (குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’). அமெரிக்காவில் 1975-ல் மேரிலாந்தில் தொடங்கிய ‘ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்’ வீடுகளில் வார்டனே கிடையாது. குடியிருப்பவர்களே வாடகையைப் பங்குபோட்டு, ஓட்டெடுப்பு வைத்து வீட்டை நடத்துகிறார்கள். குடித்தவர் வெளியேற வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு மையத்தின் கீழ், வார்டனோடுதான் நடக்கிறது. இரண்டாவது முறை சிகிச்சைக்கு வந்தவருக்கு அதுவே நல்லது என்பேன்.

வெளியே போய் வருபவர் குடித்திருக்கிறாரா என்று இல்லத்தில் ஊதிப் பார்க்கும் சோதனையில் ஒரு சூட்சுமம் உண்டு. 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். விடுப்பில் வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு ஒரு குவார்ட்டர் அடித்தவர் ஞாயிறு காலை ஆறேழு மணிக்குள் சுத்தமாகிவிடுவார். ஞாயிறு மாலை அவர் இல்லத்து வாசலில் வந்து ஊதினால் மெஷின் பூஜ்யம்தான் காட்டும். அதனால் வீட்டு விடுப்பை முதலில் பகல் நேரத்துக்கு மட்டும் கொடுக்கும் இல்லம், சொல்லாமல் சோதிக்கும் இல்லம், விஷயம் தெரிந்த இல்லம். மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினாலும் மெஷின் ‘குடித்திருக்கிறார்’ என்று சொல்லிவிடும். 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் சண்டை வரும் வீடுகள் உண்டு.

சேர்க்கும் முன் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, கட்டணத்துக்கு ரசீது உண்டா என்றும் கேளுங்கள். ‘மூன்று மாதத்துக்கு போன் கிடையாது, பார்க்க வரக் கூடாது’ என்றால் திரும்பி வந்துவிடுங்கள். சங்கிலி, அடி என்று காதில் விழுந்தால் பேச்சே இல்லை. சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிய, 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம்.

அடுத்து, சாப்பாட்டில் கலக்கும் மருந்து. தயவுசெய்து வேண்டாம். அப்படி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையைத் தெரியாமல் கலந்து கொடுத்து, அவர் அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே மாத்திரையை அவர் சம்மதத்தோடு, ஈரல் பரிசோதனை செய்து, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகு, தினமும் ஒருவர் கண்ணெதிரே கொடுத்தால் நல்ல துணை. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் சிரப் இவற்றையும் தொடக் கூடாது. டைசல்ஃபிரம் ஒத்துவராதவர்களுக்கு, குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள் இருக்கின்றன. எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

நடுவில் ஒருநாள் சறுக்கினால் ‘எல்லாம் போச்சு’ என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் இல்லத்தில் வைத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; ஆஸ்பத்திரிதான் இடம்.

எல்லோருக்கும் இந்த இல்லம் தேவையில்லை. முதல் சிகிச்சை, வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை, கூடவே ஆள் இருக்கிறது என்றால் வீட்டிலிருந்தே வாராவாரம் டாக்டரைப் பார்த்துச் சமாளிக்கலாம். உங்கள் கணவர் அந்த ரகமில்லை. இந்த மூன்று மாதம் உங்களுக்கும் வேண்டும். பாட்டில் தேடுவதையும், வாய் முகர்ந்து பார்ப்பதையும் நீங்கள் விட வேண்டுமே. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். கடன்காரர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து வையுங்கள். அவர் வந்த அன்றே கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்க வேண்டாம்.

கடைசியாக வீடு திரும்பும் நாள். சம்பள நாளிலோ, கல்யாணம், திருவிழாவை ஒட்டியோ வைக்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் இல்லத்திலிருந்தே பட்டறைக்குப் போய்விட்டு, சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.