கேட்டு வாங்குங்கள்: மூச்சு மெஷினோடு வெளிநாட்டுப் பயணம்

போன மாதம் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, நானும் ஆறு வருடமாக இரவில் சிபேப் (தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் மெஷின்) மாட்டித்தான் தூங்குகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள். குறட்டையும் பகல் தூக்கமுமாக அலைந்து, ஸ்லீப் ஸ்டடி எடுத்து, மெஷின் வாங்கியவர்கள் நம் ஜில்லாவில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. முக்கால்வாசிப் பேர் கேட்பது வெளிநாடு போவதைப் பற்றி. ஆகவே இந்த வாரம் முழுக்க இதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

டல்லாஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். தோஹா வழியாக டிக்கெட். மெஷினைப் பெரிய பெட்டியில் வைக்கவா, கையில் கொண்டு போகவா? கையில் என்றால் எடைக் கணக்கில் சேருமா? அங்கே கரண்ட் வேறு என்கிறார்களே?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, சங்கரன்கோவில்

கையில்தான், டீச்சர். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் அன்று ராத்திரி நீங்கள் மெஷின் இல்லாமல் படுக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி இது உடல்நலத்துக்கான துணைக்கருவி. கைப்பை எண்ணிக்கையில் இதைச் சேர்க்கக் கூடாது. அமெரிக்காவில் புறப்படும் அல்லது அங்கே போய் இறங்கும் எல்லா விமானத்துக்கும் இது உண்டு, கம்பெனி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி. ஆக தோஹாவிலிருந்து டல்லாஸ் வரை உங்களுக்குக் கவலை இல்லை. சென்னையிலிருந்து தோஹா வரை அந்த விதி வராது. அந்தப் பாதிக்கு விமானக் கம்பெனிக்கு இப்போதே மெயில் எழுதி, வருகிற பதிலைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் 'ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம்' என்று சொன்னவர் கவுன்ட்டரில் நிற்க மாட்டார். பறக்கும்போதே மாட்டிக்கொண்டு தூங்க நினைத்தால் 48 மணி நேரத்துக்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மெஷின் பைக்குள் மெஷின், மாஸ்க், ட்யூப், அடாப்டர், பில், மருத்துவர் கடிதம். வேறு எதுவும் வேண்டாம். மகளுக்கென்று ஒரு அல்வாப் பொட்டலத்தை அதில் சொருகினால் அது சாதாரணப் பையாகிவிடும், சலுகை போச்சு. கடிதத்தில் நோயின் பெயர், மெஷின் மாடல், உங்களுக்கு வைத்திருக்கும் அழுத்த அளவு மூன்றும் இருக்கட்டும். அங்கே மெஷின் நின்றுபோனால் இன்னொன்று வாங்கவும் அந்த அளவை வைக்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

சோதனையில் லேப்டாப் மாதிரி மெஷினை வெளியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் மாஸ்க்கும் ட்யூப்பும் பைக்குள்ளேயே இருக்கலாம். செருப்பு வைத்த ட்ரேயில் மூக்கோடு சேரும் சாமானை வைக்க எனக்கு மனசு வருவதில்லை. சுத்தமான கண்ணாடிக் கவர் ஒன்றில் போட்டு வைப்பேன், யாரும் மறுத்ததில்லை.

கரண்ட் விஷயம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் நம் 230 வோல்ட்டிலும் ஓடும், அமெரிக்காவின் 120 வோல்ட்டிலும் ஓடும். தட்டையான இரண்டு கால் உள்ள பின் மாற்றி ஒன்று போதும். நான் முதல் தடவை மகனைப் பார்க்கப் போனபோது இந்த எழுத்தைப் படிக்கவில்லை. கடைக்காரர் 'கன்வர்ட்டர் இல்லாம எரிஞ்சிரும் சார்' என்றார். 3,200 ரூபாய் கொடுத்து நாலு கிலோ இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கிச் சுமந்தேன். மகன் அடாப்டரைக் கையில் எடுத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தப் பெட்டி இன்னமும் பரணில் கிடக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஷார்ஜாவில் வேலை. நம்ம ஊர் பிளக் அங்கே சேருமா அண்ணாச்சி?
- மேலப்பாளையம்

சேராது தம்பி. அங்கே மூன்று பட்டைக் கால். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்துக்கும் அதேதான். வோல்ட்டேஜ் நம்மளவுதான். 'எல்லா நாட்டுக்கும் ஒன்று' என்று விற்கிற வெள்ளைப் பெட்டியை வாங்காதீர்கள். நான் வாங்கியதில் பின் ஆடி ஆடி, ராத்திரி இரண்டு மணிக்குத் தீப்பொறி வந்தது. அங்கே போய் அந்த நாட்டு பவர் கார்டு ஒன்றை வாங்கி அடாப்டரில் சொருகிவிடுங்கள்.

கோலாலம்பூர் போனபோது மெஷினைச் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தேன். காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபயர் தொட்டியில் தண்ணீர் இருந்ததைக் கவனிக்கவில்லை. இப்போது ஓடவே இல்லை. மெஷின் கம்பெனி மேல் கேஸ் போடலாமா?
- பேட்டை

முடியாது. தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மெஷினை நகர்த்த வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். படித்தீர்களா? தொட்டியிலிருந்து சாய்ந்த தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்கும். தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடையாது. சர்வீஸ் செய்யக் கொடுங்கள். அடுத்த தடவை கையேட்டைப் படியுங்கள்.

அமெரிக்காவில் விலை குறைவு, மகன் வாங்கி வரட்டுமா?
- பாளையங்கோட்டை

அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் முறைப்படி விற்க மாட்டார்கள். அது கிடைத்தாலும், வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. இங்கே கெட்டுப்போனால் யார் கையில் கொடுப்பீர்கள்? பக்கத்தில் சர்வீஸ் உள்ள இடத்தில் வாங்குங்கள்.

என் கணவருக்கு ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்). மஸ்கட் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் ஒரு டீலரிடம் 38,000 ரூபாய்க்கு 'புது மெஷின்' வாங்கினோம். கடை சென்னையில். கூகுள் பேயில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு 'பில் போட்டா விலை கூடும்' என்றார். மஸ்கட்டில் ஒருவர் மெனுவில் பார்த்துவிட்டு, இது ஏற்கெனவே 7,400 மணி நேரம் ஓடியது என்கிறார். டீலர் இப்போது போன் எடுப்பதில்லை. நகையை வைத்து வாங்கிய மெஷின் அண்ணாச்சி.
- வள்ளியூர் சகோதரி

படித்துவிட்டு வெகு நேரம் மனசு ஆறவில்லை, அம்மா. தப்பு உங்கள் மேல் இல்லை. மூச்சுக்காக வாங்குகிறவரின் அவசரத்தைத் தெரிந்துகொண்டு அதில் காசு பார்த்திருக்கிறான்.

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் வருடத்துக்கு 2,920 மணி. அப்படியானால் 7,400 என்பது வேறொருவர் இரண்டரை வருடம் மூச்சு விட்ட மெஷின். கணவரை அந்த மெனுவையும், மெஷினுக்கு அடியில் உள்ள சீரியல் நம்பரையும் ஒரே வீடியோவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாடலையும் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மெஷின்களைத் திரும்ப அழைத்தது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் சிதைந்து காற்றோடு மூச்சுக்குள் போகலாம் என்பதுதான் காரணம். பழைய மெஷின் எது கைக்கு வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அது. அந்த வகையாக இருந்தால் உடனே மருத்துவரிடம் பேசட்டும்.

இனி பணம். பில் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். கூகுள் பே பதிவு சாட்சி. 'புது மெஷின்' என்று அவன் எழுதிய வாட்ஸ்அப் செய்தி சாட்சி. 'பில் போட்டா விலை கூடும்' என்றதும் எழுத்தில் இருந்தால் அது அவனுக்கு எதிராகவே நிற்கும். ஏனென்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராமல் விற்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், 30 நாளுக்குள் நீங்கள் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எடுத்தாக வேண்டும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். கூடவே டீலருக்குப் பதிவுத் தபாலில், 15 நாளில் பணம் தர வேண்டும் என்று ஒரு கடிதம். அசையாவிட்டால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் மனு. கடை சென்னையில் இருந்தால் என்ன, நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே போடலாம் என்று இந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே அனுப்பலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் நீங்கள் இந்த மாதமே போடுங்கள்.

இந்தப் பில் விஷயத்தை நான் எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது. மளிகைக்குத் துண்டுச் சீட்டு கேட்டு வாங்குகிற நாம், நாற்பதாயிரம் ரூபாய் மெஷினுக்கு 'வேண்டாம் விடுங்க' என்கிறோம். வரி மிச்சம் என்று அவன் சொல்வது அவனுக்குத்தான் மிச்சம். பில்லில் சீரியல் நம்பர் ஏறினால்தான் அந்த மெஷின் உங்களுடையது. வாரண்டிக்கு அதுதான், இன்சூரன்ஸுக்கு அதுதான். திரும்பி வரும்போது சுங்கத்தில் 'வெளிநாட்டில் வாங்கியதா' என்று கேட்டால் காட்டவும் அதுதான். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, மெஷினில் உள்ள நம்பரும் பில்லில் உள்ள நம்பரும் ஒன்றா என்று விரல் வைத்துப் பாருங்கள். மெஷினை ஓடவிட்டு, ஓடிய மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். புதுசென்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். காட்ட மாட்டேன் என்கிற கடையில் பணத்தை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வள்ளியூர் அம்மா, மனு எழுதியதும் ஒரு நகல் எனக்கு அனுப்புங்கள். விட்டுப்போனது எதுவும் இருந்தால் சேர்த்துத் தருகிறேன்.

ஹ்யூமிடிஃபயரில் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றுகிறேன். வெளிநாட்டில் என்ன ஊற்ற?
- கல்லிடைக்குறிச்சி

குடிப்பதற்குத் தாமிரபரணி போல வராது. மெஷினுக்கு எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரும் கூடாது. தொட்டியில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்திருப்பீர்களே! டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அமெரிக்காவில் சூப்பர்மார்க்கெட்டிலேயே கேனில் கிடைக்கும். கிடைக்காத ஊரில் ஹ்யூமிடிஃபயர் இல்லாமலும் பெரும்பாலான மெஷின் ஓடும். மூக்கு கொஞ்சம் வறளும், அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் இன்வெர்ட்டருக்கு விற்கிற பேட்டரி தண்ணீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக்கென்று தயாரித்தது இல்லை.

50,000 எம்ஏஎச் பவர் பேங்க், 'ஃப்ளைட்டில் அனுமதி உண்டு' என்று போட்டு விற்கிறார்கள். மெஷினுக்கு வாங்கலாமா?
- தென்காசி

வேண்டாம். எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள், வாட்-மணி வரும். 50 பெருக்கல் 3.7 என்றால் 185. விமானத்தில் 100 வரை கையில் கொண்டு போகலாம், 100 முதல் 160 வரை கம்பெனி சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கிடையவே கிடையாது. எதுவானாலும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் பல விமானக் கம்பெனிகள் இப்போது விடுவதில்லை: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்து, எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்து. அதோடு உங்கள் மெஷின் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்க்காமல் எந்த பேட்டரியும் வாங்காதீர்கள். மெஷின் கம்பெனி எந்த பேட்டரியைச் சொல்கிறதோ அதை, வாட்-மணி மேலேயே அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

வாப்பா குழுவோடு உம்ரா போகிறார். ஒரே அறையில் ஐந்து பேர். மெஷின் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவு, பத்து நாள்தானே, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறார்.
- கடையநல்லூர்

கூடாது. பத்து நாள் என்பது பத்து ராத்திரி, பகலில் வெயிலில் நடை வேறு. மெஷின் நின்றால் அன்றைக்கு ராத்திரியே மூச்சுத் தடை திரும்ப வரும். அவர் குறட்டையைவிட மெஷின் சத்தம் எவ்வளவோ குறைவு. குழுத் தலைவரிடம் முன்கூட்டியே நீங்களே பேசிவிடுங்கள், வாப்பாவுக்குக் கூச்சம் இருக்காது. சவுதியிலும் மூன்று பட்டைக் கால்தான், 230 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அடாப்டரில் 50/60 என்று இருந்தால் சரி. மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் கார்டு ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள். ஐந்து கட்டில் போட்ட அறையில் பிளக் பாயின்ட் அவர் தலைமாட்டில் இருக்கும் என்று நம்ப முடியாது.